முத்துக்குளித்துறையின் பழைய நிலவரைபடங்கள்: கொற்கை – காயல் இடமாற்றக் கருத்து குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தாமிரபரணி ஆற்றின் கழிமுகத்தில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்னும் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தன என்றும், ஆறு கொணர்ந்த வண்டலே அதற்குக் காரணம் என்றும் கால்டுவெல் 1881இல் எடுத்துரைத்தார். இக்கருத்து இன்றுவரை பெரிதும் மறுஆய்வின்றி வழங்கி வருகிறது. இதற்குச் சான்றாகப் பழைய நிலவரைபடங்களை முன்வைக்கும் வழக்கமும் பெருகியுள்ளது. வரைபடங்கள் எந்த அளவிற்கு இக்கருத்தைத் தாங்கும், எவ்விடத்தில் தாங்கா என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கடற்கரை கிழக்கே வளர்ந்த திசையை வரைபடம் உறுதிசெய்கிறது. வளர்ந்த காலத்தையோ துறைகள் பெயர்ந்த காரணத்தையோ அது சொல்வதில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கொற்கை, காயல், தாமிரபரணி, இடவிளக்க வரைபடம், முத்துப்பார், கால்டுவெல், தூத்துக்குடி

முன்னுரை

வேம்பார் முதல் குமரிமுனை வரையிலான கடற்கரையைப் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறை என்னும் பொருள்படவே அழைத்தனர். இப்பகுதியின் வரலாற்றை எழுதுவோருக்கு இலக்கியம், கல்வெட்டு, அகழாய்வு, அயலார் குறிப்பு ஆகிய நான்கும் நெடுங்காலமாகச் சான்றுகளாக இருந்து வருகின்றன. அண்மைக் காலத்தில் ஐந்தாவதாக நிலவரைபடமும் சேர்ந்துள்ளது. கடற்கரைப் பகுதிக்குரிய இந்திய நில அளவைத் துறையின் விரிவான வரைபடங்கள் பல பதிற்றாண்டுகளாகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டிருந்தன. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கையும் 2021ஆம் ஆண்டின் புவியிடத் தரவு வழிகாட்டுதல்களும் அக்கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தின. அயல்நாட்டு நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய படங்களை இணையத்தில் ஏற்றியதால், முன்பு ஆவணக்காப்பகத்திற்குச் சென்று மட்டுமே காணக்கூடியவை இன்று ஆய்வாளரின் மேசைக்கு வந்துவிட்டன.

எளிதில் கிடைக்கும் சான்று எளிதில் தவறாகவும் கையாளப்படும். இருவேறு காலத்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கரைக்கோடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை வரலாற்று மாற்றமாகவே கொள்ளும் ஆய்வுகள் மிகுந்து வருகின்றன. 2021இல் சட்டமன்றத்தில் வெளியிடப்பட்ட பொருநை குறித்த அறிவிப்பிற்குப் பின் கொற்கை பொதுவெளியிலும் பெரிதும் பேசப்படுகிறது. துறைமுகம் எங்கே இருந்தது என்னும் வினா ஊர்ப்பெருமை, சமூக உரிமை, அகழாய்வுக் குழியின் இடத்தேர்வு ஆகிய அனைத்தோடும் பிணைந்துவிட்டது. ஆகவே வரைபடத்தின் சான்றுமதிப்பை வரையறுப்பது உடனடித் தேவையாகிறது.

கால்டுவெல்லின் கருத்தும் அதன் வலிமையும்

இராபர்ட் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் கிரேக்க நூல்கள் குறிப்பிடும் கொல்கையைக் கொற்கை என உறுதிசெய்தார். மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் துறையைப் பழையகாயலை ஒட்டிய பகுதியில் கண்டார். ஆற்று வண்டலால் கரை கிழக்கே நகர்ந்தது. கொற்கை கடலைவிட்டு விலகியது. அதனால் கடலுக்கு அண்மையில் காயல் எழுந்தது. காயலும் விலகவே போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் முதன்மை பெற்றது. முடிவில் நல்ல நங்கூரத்தளம் வாய்த்த தூத்துக்குடி தலைமை பெற்றது. இதுவே அவர் காட்டும் வரிசை.

இக்கருத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. கால்டுவெல் நூல்களை மட்டும் நம்பி எழுதவில்லை. அவர் நிலத்தில் நடந்தார். ஊரார் வழக்குகளைக் கேட்டார். கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். கொற்கைக்கு அருகிலுள்ள அக்கசாலை என்னும் ஊர்ப்பெயர் நாணயம் அடிக்கும் சாலையைக் குறிப்பது எனக் கண்டு அதனைத் துறைமுக நகரின் எச்சமாக வாசித்தார். பின்னர், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69இல் கொற்கையில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரிமக் காலக்கணிப்பு, அங்குள்ள குடியிருப்பைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டளவிற்குக் கொண்டுசென்றது. கொற்கையின் தொன்மை குறித்த அவரது துணிபு இவ்வாறு பிற்காலத்தில் வலுப்பெற்றது.

ஆயினும் கொற்கையின் தொன்மை வேறு, துறைகளின் வரிசை வேறு. முன்னதற்குக் கிடைத்த அகழாய்வுச் சான்றைப் பின்னதற்கும் உரியதாகக் கொள்ளும் போக்கு பிற்கால எழுத்துகளில் காணப்படுகிறது. வரிசைக் கருத்திற்குத் தனிச் சான்று தேவைப்படும் இடத்திலேயே வரைபடம் அழைக்கப்படுகிறது.

தாலமியின் பட்டியலும் பிற்கால வரைபடமும்

இக்கடற்கரைக்கு மிகப் பழைய வரைபடமாகக் காட்டப்படுவது தாலமியின் படம். இங்கேயே முதற்பிழை தொடங்குகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி வரைந்த படம் எதுவும் இன்று நம்மிடம் இல்லை. கிடைப்பவை அவர் நூலின் ஆயத்தொலைகளைக் கொண்டு பைசாந்தியத்தில் 13ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வரையப்பட்ட படங்களும், இலத்தீன் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து ஐரோப்பாவில் பரவிய படிகளுமே. அப்படங்களில் காணும் கரைக்கோட்டின் வளைவு இடைக்கால ஓவியரின் கைவண்ணம்; பாண்டிய நாட்டுக் கடற்கரையின் பதிவு அன்று.

ஆயத்தொலைகளிலும் சிக்கல் உண்டு. தாலமியின் கணக்கில் இந்தியத் தீபகற்பம் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. குமரிக்குப் பின் கரை வடக்கே திரும்பாமல் பெரும்பாலும் கிழக்கே நீள்கிறது. இலங்கையோ பன்மடங்கு பெரிதாக நிற்கிறது. இத்தகைய சட்டகத்தில் ஓர் ஊரின் இடத்தை அளவிட்டுக் காண்பது இயலாது. ஊர்களின் வரிசை ஒன்றையே நம்ப முடியும்.

அவ்வரிசையும் ஐயத்திற்கு இடமளிக்கிறது. குமரிக்குப் பின் சோசிக்குரை, கொல்கை, சோலேன் ஆற்றின் முகம் எனத் தாலமி அடுக்குகிறார். சோசிக்குரையைத் தூத்துக்குடியாகக் கொள்ளும் கருத்து கால்டுவெல் காலந்தொட்டு வழங்குகிறது. ஆனால் தூத்துக்குடி கொற்கைக்கு வடக்கே உள்ளது. குமரியிலிருந்து வருவோர் முதலில் காண்பது கொற்கைத் துறையாகவே இருக்க வேண்டும். எனவே தாலமியின் வரிசை பிறழ்ந்திருக்க வேண்டும், அல்லது சோசிக்குரை தூத்துக்குடியாக இருக்கலாகாது. ஒலி ஒப்புமையைக் காப்பாற்ற வரிசையைக் கைவிட்டால், அப்பட்டியலில் நம்பத்தக்கதாக எஞ்சியிருந்த ஒரே கூறும் கைவிடப்படுகிறது. அவ்வாறு கைவிட்டபின் அதே பட்டியலைக் கொற்கையின் இடத்திற்குச் சான்று காட்டுவது முறையாகாது.

அங்குல வரைபடம் காட்டுவனவும் காட்டாதனவும்

நம்பத்தக்க அளவையியல் இப்பகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. சென்னை வானாய்வு நிலையத்தைச் சார்ந்து மைக்கேல் டாப்பிங் 1794இல் அளவைப் பள்ளி தொடங்கினார். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை தெற்கே இறங்கி, 1809இல் பாளையங்கோட்டை அருகே அடிக்கோடு அளக்கப்பட்டது. 1827 முதல் வெளியான இந்திய அட்லஸ் தாள்கள் நான்கு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பிற்குப் பின் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் இடவிளக்க வரைபடங்கள் வந்தன. வழக்கில் டோப்போ ஷீட் எனப்படும் அவ்வரிசையில் தூத்துக்குடி நகர் 58 எல்/1 என்னும் தாளிலும், கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் ஆகியவை 58 எல்/2 என்னும் தாளிலும் அடங்கும்.

கால்டுவெல்லின் வாதம் முழுவதும் இந்த ஒரு தாளுக்குள் அடங்கிவிடுகிறது என்பது கருதத்தக்கது. கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே உள்ளது. அதற்கும் கடலுக்கும் இடையே பழையகாயலும், ஆற்றுமுகத்தில் புன்னைக்காயலும் உள்ளன. மேற்கிலிருந்து கிழக்கே குளங்கள், வயல், பனைநிலம், உப்பளம், சதுப்பு, மணல் என நிலம் அடுக்கடுக்காகக் கடலை நோக்கிச் செல்வதைத் தாளின் குறியீடுகளே காட்டுகின்றன. கரை கிழக்கே வளர்ந்தது என்னும் கூற்றிற்கு இவ்வடுக்கு நல்ல துணை.

ஆனால் அத்தாள் எதனைக் காட்டவில்லை என்பதும் அதே அளவு இன்றியமையாதது. அங்குலத் தாள்களின் சமஉயரக் கோடுகள் 50 அடி இடைவெளியில் வரையப்பட்டவை. பிற்கால 1:50,000 தாள்களில் அவ்விடைவெளி 20 மீட்டர். கொற்கை முதல் கடல் வரையிலான நிலம் பெரிதும் முதற்கோட்டிற்குக் கீழேயே உள்ளது. பழைய கரையின் இடத்தைக் காட்டவல்ல தாழ்ந்த மணல்வரம்புகளோ சில மீட்டர் உயரமே உடையவை. அவை கோடுகளுக்கு இடையே மறைந்துவிடுகின்றன. ஆகவே சிக்கலைத் தீர்க்கவல்ல நிலவடிவம் எதுவோ அதுவே இவ்வரைபடத்தின் கண்ணுக்குத் தப்புகிறது.

ஆற்றின் பழைய தடங்கள் என்று கொள்ளப்படுபவையும் ஆராயத்தக்கவை. தாமிரபரணி நெடுங்காலமாக அணைக்கட்டுகளாலும் கால்களாலும் பங்கிடப்பட்டுவரும் ஆறு. அவற்றுள் கடைசியானதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்டது. அதற்குப் பிந்திய தாள்களில் ஆற்றின் இருமருங்கும் காணப்படும் நீர்த்தடங்களுள் பல பாசனக் கால்கள், வடிகால்கள். அவற்றை ஆறு கைவிட்ட பழந்தடங்களாகக் கொண்டு துறையின் இடத்தை ஊகிப்பது, மனிதர் வெட்டிய வாய்க்காலை இயற்கையின் ஆவணமாக வாசிப்பதாகும். அணைக்கட்டிற்கு முந்திய அட்லஸ் தாளோடும் வருவாய்த்துறைக் கிராம வரைபடத்தோடும் ஒப்பிட்டுத் தடங்களைப் பிரித்தறிந்த பின்னரே இவ்வாதத்தை முன்னெடுக்க இயலும்.

இடப்பொருத்தத்திலும் எச்சரிக்கை தேவை. சென்னை வானாய்வு நிலையத்தின் தீர்க்கரேகை குறித்துப் பழைய அளவைகள் கொண்டிருந்த மதிப்பு, பின்னர்க் கண்டறியப்பட்ட மதிப்பைவிட இரண்டரை நிமிடத்திற்குச் சற்றே குறைவான அளவு மிகுதியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வரைபடங்களில் இது திருத்தப்பட்டது. இவ்வட்சரேகையில் அப்பிழை ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் ஆகும். பழைய தாளின் கட்டக்கோடுகளை மட்டும் நம்பி இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் அதனைப் பொருத்தினால், ஊரும் ஆறும் கரையும் ஒருசேர நகர்ந்து நிற்கும். திருத்தம் பெற்ற தாள்களிலும் எவரெஸ்ட் கோளவுருவத்திற்கும் இன்றைய உலக ஆதாரத்தளத்திற்கும் இடையே நூறு மீட்டருக்குக் குறையாத வேறுபாடு உண்டு. கோபுரம், தேவாலயம், பாலம் போன்ற நிலையான புள்ளிகளைக் கொண்டு பொருத்தாத ஒப்பீடு எதுவும் கரைமாற்றத்திற்குச் சான்றாகாது.

மூன்று காயல்கள்

காயல் என்னும் சொல் கடலையொட்டிய உப்பங்கழியைக் குறிக்கும் பொதுப்பெயர். 58 எல்/2 தாளில் இப்பெயரை ஏற்ற ஊர்கள் மூன்று: ஆற்றிற்கு வடக்கே பழையகாயல், ஆற்றுமுகத்தில் புன்னைக்காயல், தெற்கே காயல்பட்டினம். மார்க்கோ போலோவின் காயல் இவற்றுள் எது என்னும் வினா ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக நீடிக்கிறது. காயல்பட்டினத்தின் பழம்பள்ளிவாசல்களும் கல்வெட்டுகளும் இடைக்கால வணிகச் செழிப்பை எடுத்துரைப்பதால், அவ்வூரையே மார்க்கோ போலோவின் காயலாகக் கொள்வோரும் உளர்.

பழையகாயல் என்னும் பெயரைத் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆயினும் ‘பழைய’ என்னும் அடை, புதிய ஒன்று தோன்றிய பின்னரே தேவைப்படும். அப்பெயர் வழங்கத் தொடங்கிய காலத்தில் மற்றொரு காயல் இருந்தது என்பதையே அது உறுதிசெய்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் இயங்கவில்லை என்பதை அது உறுதிசெய்வதில்லை. உரோமன் எழுத்தில் வரைபடத்தில் ஏறிய பெயர்களுக்கு மற்றுமொரு இடர் உண்டு. நெடிற்குறியும் ழகர ளகர வேறுபாடும் விடுபடும்போது, பழைய என்பதும் பாளைய என்பதும் ஒரே வடிவம் பெறுகின்றன. வரைபடத்தின் உரோமன் எழுத்துகளிலிருந்து ஊர்ப்பெயரை மீட்கும் ஆய்வாளர், கல்வெட்டு வடிவத்தையும் ஊரார் ஒலிப்பையும் சரிபார்க்காமல் பெயர்க்காரணம் கூறுவது பிழைக்கு வழிவகுக்கும்.

மூன்று ஊர்களும் ஒரே பொதுப்பெயரைத் தாங்கி, ஒரே கழிமுகத்தின் இருமருங்கிலும் அமைந்திருப்பதை நோக்கும்போது வேறொரு வாசிப்பும் இயல்வதாகிறது. அயலார் குறித்த காயல் ஒரு தனியூராக அல்லாமல், உப்பங்கழிகளால் இணைந்த ஒரு துறைப்பரப்பாக இருந்திருக்கலாம். சரக்கு இறக்குமிடம், சுங்கம் வாங்குமிடம், வணிகர் குடியிருப்பு, முத்துச் சந்தை ஆகியவை அப்பரப்பின் வெவ்வேறு புள்ளிகளில் அமைந்து, பருவத்திற்கும் ஆற்றுமுகத்தின் நிலைக்கும் ஏற்ப இடம்மாறியிருக்கலாம். இது முடிந்த முடிபு அன்று. அகழாய்வு ஒப்பினாலன்றி நிலைபெறாத கருதுகோள். ஆயினும், ஓர் ஊர் மாய்ந்து மற்றோர் ஊர் பிறந்தது என்னும் வரிசையைவிட வரைபடச் சான்றோடு இது நன்கு பொருந்துகிறது. எந்த ஊர் உண்மையான காயல் என்னும் போட்டியும் இதனால் தன் கூர்மையை இழக்கிறது.

வண்டல் மட்டுமே காரணமா?

கால்டுவெல்லின் வரிசையில் மனிதர் செயல் மிகக் குறைவு. ஆறு மண்ணைக் கொணர்கிறது, துறை பின்வாங்குகிறது, மக்கள் பின்தொடர்கின்றனர். வரைபடத்தை மட்டும் நோக்குவோருக்கு இவ்விளக்கம் போதுமானதாகத் தோன்றும். எழுத்துச் சான்றுகளோ வேறுவகையான காரணங்களை முன்வைக்கின்றன.

1530களின் நடுப்பகுதியில் பரவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினர். முத்துக்குளிப்பின் மீதான ஆதிக்கப் போட்டியே அதன் பின்னணி என்பதில் ஆய்வாளரிடையே பெரும்பாலும் உடன்பாடு உண்டு. 1542இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். புன்னைக்காயல் போர்த்துக்கீசியரின் இருப்பிடமாயிற்று. என்றீக்கே அடிகளாரின் தமிழ்ப்பணிக்கும் அவ்வூர் களமாக இருந்தது. 1553இல் அவ்வூர் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தூத்துக்குடி மேலோங்கியதில் நங்கூரத்தளத்தின் நன்மையோடு இத்தகைய பாதுகாப்பின்மைக்கும் பங்கு இருந்திருக்கும். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றி அதனையே தம் வணிகத்தின் தலைமையிடமாக்கினர். 1825இல் அது ஆங்கிலேயர் வசம் நிலையாக வந்தது. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை அடைந்து, கொழும்பு செல்லும் பயணிகளின் வாயிலாக அதனை ஆக்கியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அப்பயணம் தனுஷ்கோடிக்கு மாறியது. இம்மாற்றங்களில் வண்டல் எங்கும் தலைமைக் காரணமாக நிற்கவில்லை.

முன்னைய மாற்றங்களுக்கு மட்டும் இயற்கையையும், பின்னைய மாற்றங்களுக்கு அரசியலையும் காரணமாகக் கூறுவது, முன்னைய காலத்திற்கு ஆவணம் இல்லை என்பதையே காட்டும். அரசியல் இல்லை என்பதைக் காட்டாது. பாண்டியர் ஆட்சியில் தலைநகரும் வணிகக் குழுக்களும் சுங்க உரிமையும் மாறியபோது துறைகள் இடம்பெயர்ந்திருக்கும் வாய்ப்பை இவ்விளக்கம் அடைத்துவிடுகிறது. வரைபடத்தில் 16ஆம் நூற்றாண்டுப் புன்னைக்காயலின் எச்சமாக நிற்பது ஒரு சிற்றூர்க் குறியும் தேவாலயக் குறியுமே. அவ்விரு குறிகளிலிருந்து அவ்வூரின் பழைய தகுதியை யாரும் ஊகித்திருக்க முடியாது. கொற்கைக்கும் இக்கட்டுப்பாடு பொருந்தும்.

கடலை வெறுமையாக விட்ட வரைபடம்

வரைபடங்கள் அவற்றை வரைவித்தோரின் நோக்கத்தைத் தாங்கியவை என்பதை ஹார்லி 1989இல் வெளியிட்ட கட்டுரையும், இந்திய அளவைகளைப் பற்றி மேத்யூ எட்னி 1997இல் வெளியிட்ட நூலும் விளக்கின. முத்துக்குளித்துறையில் இவ்வுண்மை கண்கூடாகத் தெரிகிறது. 1672இல் வெளியான பால்டேயஸ் நூலில் உள்ள தூத்துக்குடிக் காட்சி, கப்பல்கள் நிற்கும் கடற்பக்கத்திலிருந்து நகரை நோக்குவது. ஒல்லாந்த வணிகருக்கு வேண்டியது கரையின் முகப்பு. இடவிளக்க வரைபடமோ நிலத்திலிருந்து கடலை நோக்குவது. வரியும் சாலையும் படைநகர்வும் அதற்கு முதன்மை. கரைக்கோட்டிற்கு அப்பால் அத்தாள் ஏறத்தாழ வெறுமையாகவே உள்ளது.

இக்கடற்கரை மக்களின் வாழ்வு அவ்வெறுமைக்குள் நடந்தது. தூத்துக்குடிக்கு எதிரே, கரையிலிருந்து 10 முதல் 20 கி.மீ. தொலைவில், முத்துச்சிப்பி வளரும் பாறைத்திட்டுகளாகிய பார்கள் உள்ளன. ஒவ்வொரு பாருக்கும் தமிழ்ப் பெயர் உண்டு. எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் ஆகியோரின் அறிக்கைகளில் அப்பெயர்கள் இடம்பெறுகின்றன. கரையில் தோன்றும் கோபுரம், தேவாலயம், பனங்கூட்டம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்படுத்திக் கடலில் தம் இடத்தை அறியும் முறை மீனவரிடம் இருந்தது. லாம்டனின் முக்கோண அளவைக்கு அடிப்படையான வடிவியல் கருத்திலிருந்து இம்முறை வெகுதொலைவில் இல்லை. அளவையாளரின் அறிவு தாளில் ஏறியது; மீனவரின் அறிவு பார்களின் பெயர்களாக மட்டும் அரசு அறிக்கைகளில் எஞ்சியது.

1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளே இக்கரையின் கடைசிக் குளிப்புகள். அவற்றில் பங்கேற்றோர் இன்று மிகச் சிலரே இருக்கக்கூடும். பார்களின் பெயர்களும் கரையடையாளங்களும் அவர்களோடு மறைந்துவிடும் நிலையில் உள்ளன. கொற்கைத் துறையின் இடத்தை ஆராயும் முயற்சிகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பகுதியேனும் இப்பெயர்களைத் திரட்டுவதற்குக் கிடைக்கவில்லை. துறையின் தன்மையை அறிய, படகுகள் எப்பாருக்கு எக்கரையிலிருந்து சென்றன என்பதை அறிவதே நேரிய வழி.

தீவுகள் தரும் பாடம்

வரைபட ஒப்பீடு முறையாகப் பயன்படும் இடமும் இக்கடலிலேயே உள்ளது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடித் தொகுதியைச் சார்ந்தவை. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1969ஆம் ஆண்டிற்குரிய பரப்பளவை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகள், அன்று 20 ஹெக்டேருக்குச் சற்று மிகுதியாக இருந்த காரைச்சல்லி பெரும்பகுதியை இழந்ததையும், விலாங்குச்சல்லி நீரில் மூழ்கியதையும் காட்டின. சுண்ணாம்பிற்கும் கட்டுமானத்திற்கும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டமை அழிவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

இவ்வாதம் வலுப்பெறுவது ஏன்? ஒப்பிடப்படும் இரு காலங்களும் அளவையியல் காலத்திற்கு உட்பட்டவை. இழப்பு பிழைவரம்பைக் கடந்து பெரிதாக உள்ளது. பவளம் வெட்டப்பட்டதற்குத் தனி ஆவணங்கள் உள்ளன. காலம், அளவு, காரணம் ஆகிய மூன்றும் வரைபடத்திற்கு வெளியேயும் சான்று பெறுகின்றன. கொற்கை–காயல் வரிசையில் இம்மூன்றுள் ஒன்றும் இவ்வாறு அமையவில்லை. ஒரே வகைச் சான்று ஓரிடத்தில் உறுதியாகவும் மற்றோரிடத்தில் ஊகமாகவும் நிற்பதன் காரணம் இதுவே.

எனினும் இங்கும் ஒரு நுட்பம் கருதற்குரியது. இடவிளக்க வரைபடத்தின் கரைக்கோடு உயர் ஓதத்தைச் சார்ந்தது. கடற்பயண வரைபடத்தின் ஆழங்கள் தாழ் ஓதத்தைச் சார்ந்தவை. சரிவு குறைந்த கரையில் இவ்விரண்டிற்கும் இடையே அகன்ற மணற்பரப்பு உண்டு. ஒருவகைப் படத்தை மற்றொருவகைப் படத்தோடு நேரே ஒப்பிட்டால், நிகழாத அரிப்பும் நிகழாத வளர்ச்சியும் கணக்கில் ஏறும். தாளின் வெளியீட்டாண்டை அளவையாண்டாகக் கொள்வதும் இத்தகைய பிழையே. சாலைகள் மட்டும் திருத்தப்பட்டு மறுபதிப்பான தாளின் கரைக்கோடு பல பதிற்றாண்டுகள் பழையதாக இருக்கலாம்.

முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தாமிரபரணிக் கழிமுகம் கிழக்கே வளர்ந்தது என்னும் கால்டுவெல்லின் அடிப்படைக் கூற்று நிலைபெறுகிறது. இரண்டாவது, அவ்வளர்ச்சியின் காலத்தை வரைபடம் தருவதில்லை. தாலமி முதல் அட்லஸ் தாள்கள் வரையிலான நீண்ட இடைவெளியில் அளவையின்படி வரையப்பட்ட கரைக்கோடு இல்லை. அவ்விடைவெளியை நிரப்பவல்லவை துளையிட்டு எடுக்கும் வண்டல் மாதிரிகள், மணல்வரம்புகளின் காலக்கணிப்பு, பழையகாயலிலும் காயல்பட்டினத்திலும் ஒருங்கே நடத்தப்படும் அகழாய்வு ஆகியவையே. மூன்றாவது, துறைகள் பெயர்ந்ததற்கு வண்டல் ஒரு சூழல். அதனை ஒரே காரணமாகக் கொள்வது, முத்தின் மீதும் சுங்கத்தின் மீதும் நடந்த போட்டியை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுகிறது.

கால்டுவெல்லிடமிருந்து பிற்காலத்தார் எடுத்துக்கொண்டது அவரது முடிபை. எடுத்துக்கொள்ள வேண்டியது அவரது முறையை. அவர் நிலத்தில் நடந்து, பெயரைக் கேட்டு, அகழ்ந்து பார்த்தார். இன்றைய ஆய்வாளர் 58 எல்/2 தாளோடு கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்துச் சென்று, புலங்களின் பெயர்களைக் கொற்கை, மாறமங்கலம், அக்கசாலை, பழையகாயல் ஆகிய ஊர்களில் கேட்டுப் பதிய வேண்டும். அதே முறையில் தூத்துக்குடிக் கரையின் மூத்த மீனவரிடம் பார்களின் பெயர்களையும் கரையடையாளங்களையும் திரட்ட வேண்டும். தாள்கள் ஆவணக்காப்பகத்தில் காத்திருக்கும். பெயர்களை அறிந்த மக்களுக்கு அத்தகைய கால நீட்டிப்பு இல்லை.